கொட்டுவாயைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்

வெள்ளகோவில், முத்தூர் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் தேள் கொட்டின கதை ஒன்றாவது சொல்வார்கள். மட்டைக் குவியல், கிளுவை வேலி, கல் அடுக்கு, பழைய ஓட்டு வீட்டுச் சுவர், பனை, கோயில் ஆலமரம் என்று கொடுக்குள்ள ஜீவன்களுக்கு எங்கள் பண்ணையத்தில் இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. நான் பவானிசாகர் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் மாமியார் சொன்ன புத்திமதிகளில் சமையல் பற்றி ஒன்றுமே இல்லை. "செருப்பத் தட்டாமப் போடாத கண்ணு. மட்டைக்கு அடியில கைய உடாத. பொழுதுபோனா லைட் இல்லாமக் களத்துப் பக்கம் போகாத." அவ்வளவுதான்.

இத்தனை வருஷத்தில் தேள், கதண்டு, மலைத்தேனீ, கம்பளிப்பூச்சி, செந்தட்டி எல்லாம் பார்த்தாயிற்று. நானும் கொட்டு வாங்கியிருக்கிறேன், கொட்டு வாங்கினவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டும் ஓடியிருக்கிறேன். யாருக்காவது ஏதாவது கொட்டிவிட்டால் சுற்றி நிற்கிறவர்கள் அத்தனை பேரும் கொட்டுவாயைத்தான் குனிந்து பார்க்கிறார்கள். வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா, எவ்வளவு கடுக்கிறது என்று விசாரணை முழுக்க அந்த ஒரு இடத்திலேயே நடக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் அது பெரும்பாலும் அங்கே தெரியாது. முகத்தில் தெரியும், மூச்சில் தெரியும், உள்ளங்கையில் தெரியும். சில சமயம் மறுநாள் சிறுநீரில் தெரியும்.

தேளிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பக்கம் இரண்டு வகைத் தேள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று கன்னங்கரேலென்று பெரிதாக, தடித்த இடுக்கிகளோடு இருக்கும் கருந்தேள். நட்டுவாக்காலி என்றும் சொல்வார்கள். பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். இன்னொன்று செந்தேள். விரல் நீளந்தான் இருக்கும். செம்பழுப்பு நிறம், மெலிந்த இடுக்கி, உடம்புக்குப் பொருந்தாத தடித்த வால். பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் ஆளைக் கொல்லக்கூடியது இந்தச் சின்னதுதான். தடித்த இடுக்கி உள்ளது இரையை நசுக்கியே காரியத்தை முடித்துக்கொள்ளும். மெலிந்த இடுக்கி உள்ளது கொடுக்கை நம்பிப் பிழைக்கிறது, அதனால் அதன் விஷம் கடுமையாக இருக்கும். உலகத்துத் தேள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு சரிவராது என்றாலும் நம் காட்டுத் தேள்களுக்குச் சரியாகவே வருகிறது.

மாமனாருக்கு ஒருமுறை மட்டை புரட்டும்போது கருந்தேள் கொட்டியது. மனிதர் ராத்திரி முழுக்க முனகினார். கை வீங்கி, அக்குளில் நெறி கட்டியது. வீடே தூங்கவில்லை. விடிந்ததும் காபி குடித்துவிட்டு ஆட்டுப்பட்டியைத் திறந்துவிடப் போய்விட்டார்.

செந்தேள் சங்கதி வேறு. களத்து வேலைக்கு வந்து எங்கள் தோட்டத்துச் சாளையில், அதாவது ஓலைக் குடிசையில், தங்கியிருந்த குடும்பத்தில் நடந்தது இது. சித்திரை மாதம், கரண்ட் போன ராத்திரி. பாட்டி பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அம்மிணி, பாப்பாளுக்குத் தேள் கொட்டிப்போட்டுதுங்க. செவப்புத் தேளுங்க." பிள்ளைக்கு நாலைந்து வயதிருக்கும். பாதத்தில் கொட்டியிருந்தது. வெங்காயம் தேய்த்து, கணுக்காலுக்கு மேலே துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கொட்டுவாயில் வீக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஒரு சிவந்த புள்ளி மட்டுந்தான். பிள்ளை பெரிதாக அழவும் இல்லை. எனக்குப் பயம் வந்ததே அதனால்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் முடி நெற்றியோடு ஒட்டிக்கிடந்தது. கவுன் தொப்பலாக நனைந்திருந்தது. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. கையைத் தொட்டேன். அந்தப் புழுக்கத்தில் கை ஜில்லென்று இருந்தது. காரில் ஏறுவதற்குள் வாந்தி.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கொட்டின காலைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையைத் தொட்டார், இரண்டு பாதத்தையும் தொட்டார், நாடி பிடித்தார், நெஞ்சில் ஸ்டெத்தை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "வேர்க்க ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் ஆச்சுங்க பாட்டி?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அப்புறம் ஒரு சின்ன மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னார். பிள்ளையைத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது, படுத்தபடியே இருக்கட்டும் என்றார். ராத்திரி முழுக்க வந்து வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். விடியப்போகிற நேரத்தில் பாதம் சூடு கண்டது. அப்போதுதான் பிள்ளை "கால் வலிக்குது" என்று வீறிட்டு அழ ஆரம்பித்தாள். பாட்டி பதறிப்போனார். டாக்டர் சிரித்தார். "அழட்டும் பாட்டி. இப்பத்தான் நல்லாகுது."

செந்தேளின் விஷம் நரம்புகளை முடுக்கிவிட்டு, உடம்பில் இருக்கிற அட்ரினலின் வகையறாவை ஒரேயடியாக வெளியே தள்ளச் செய்கிறது. ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வதால் கைகால் ஜில்லிடுகிறது. வேர்வையும் வாந்தியும் எச்சிலும் அதே குழப்பத்தின் பகுதிதான். ரத்த அழுத்தம் எகிறும். அந்தப் பாரத்தை இழுக்க முடியாமல் இதயம் தளரும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இருமலோடு இளஞ்சிவப்பு நுரை வந்தால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதே அளவு விஷம் சின்ன உடம்பில் இறங்குவதால் குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல்.

டாக்டர் கொடுத்த மாத்திரை பிரசோசின். ரத்த அழுத்தத்துக்காக வந்த பழைய மருந்து. செந்தேளுக்கு அதைக் கொண்டுவந்தவர் மகாராஷ்டிரத்தில் மகாட் என்கிற ஊரில் இருக்கும் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். வசதி குறைந்த கிராமத்து ஆஸ்பத்திரியில், தேள் கொட்டி வந்தவர்களின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்து, எந்த நேரத்தில் வேர்க்கிறது, எப்போது கைகால் ஜில்லிடுகிறது, எப்போது மூச்சு வாங்குகிறது என்று குறித்து வைத்தவர். அது 1982-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, பிரசோசின் பற்றி 1986-ல் அதே இதழில் எழுதினார். அதற்கு முன்னால், கடுமையான பாதிப்போடு வந்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். பிரசோசின் வந்த பிறகு அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. இப்போது தேள் விஷமுறிவு ஊசியும் இந்தியாவிலேயே தயாராகிறது. அதையும் பிரசோசினோடு சேர்த்துக் கொடுத்தால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று 2011-ல் வெளியான அவருடைய ஆய்வு காட்டியது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கலில் பிரசோசின் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். ரத்த அழுத்தத்தை மளமளவென்று இறக்கிவிடும் மாத்திரை அது, பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக் கொடுக்க வேண்டியது.

தேள் கொட்டினால் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சந்தான். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் கடுப்பு கொஞ்சம் அடங்கும். பெரியவராக இருந்து, வலி மட்டுமே இருந்தால் பாராசிட்டமால் போதும். ஆனாலும் சில மணி நேரம் தனியே விடாதீர்கள். வேர்வை, வாந்தி, எச்சில், கைகால் ஜில்லிடுதல், படபடப்பு இவற்றில் ஒன்று தலைகாட்டினாலும் உடனே கிளம்ப வேண்டியதுதான். ஆண்களுக்கும் பையன்களுக்கும் குறி தானாக விறைத்து நிற்பதும் செந்தேள் விஷத்தின் அடையாளம். வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறார்கள், சொல்ல வேண்டும். குழந்தை என்றால் எந்த அடையாளத்துக்கும் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

எங்கள் ஊரில் தேள்கடிக்குப் பாடம் போடுகிறவர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், காசு வாங்க மாட்டார். வேப்பிலையால் தடவிவிட்டு ஏதோ முணுமுணுப்பார். அவரிடம் போனவர்கள் பெரும்பாலும் நன்றாகவே திரும்பி வந்தார்கள். ஏன் என்று யோசித்தால் ஒன்றும் அதிசயம் இல்லை. தேள் கொட்டினவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு நாளில் தானாகவே சரியாகிவிடும். பேர் மட்டும் வேப்பிலைக்குப் போகும். மீதிச் சிலருக்கு அவரிடம் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரந்தான் விலை. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. காரில் போகிற வழியில் பாடம் போட்டுக்கொள்ளட்டும், அவரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

களத்தில் தேள் பயம் பாதியாகக் குறைந்தது ஒரு டார்ச்சால். கள்ள நோட்டுப் பார்ப்பார்களே, அந்தப் புற ஊதா விளக்கு. ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. அதை இருட்டில் அடித்தால் தேள் பச்சையும் நீலமும் கலந்து பளபளவென்று ஒளிரும். தேளின் மேல்தோலில் இருக்கும் பொருட்களுக்கு அப்படி ஒரு குணம். முதல் நாள் அதை எடுத்துக்கொண்டு மட்டைக் குவியலைச் சுற்றி வந்தபோது, தினமும் நாங்கள் உட்கார்ந்து பழமை பேசுகிற கல்லுக்கு அடியில் ஒரு கருந்தேள் நின்றது. முதுகு முழுக்க வெளுப்பாகக் குஞ்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு. தாய் மட்டுந்தான் சுடர்விட்டது, குஞ்சுகள் மங்கலாக இருந்தன. தோல் இறுகின பிறகுதான் அவையும் நன்றாக ஒளிரும். தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் குஞ்சு வெளியே வரும் என்று சின்ன வயதில் சொல்லிக் கேட்டதெல்லாம் கட்டுக்கதை என்று அன்றைக்குக் கண்ணாலேயே பார்த்தேன். அந்தத் தாயைக் குச்சியால் தள்ளிக்கொண்டு போய், ஆடு மாடு மேய்கிற கொறங்காட்டில் விட்டோம். செந்தேளுக்கு அந்தக் கருணை கிடையாது, குழந்தைகள் இருக்கிற இடம்.

இப்போதும் இருட்டின பிறகு மட்டை அள்ள வேண்டுமென்றால் முதலில் அந்த டார்ச். கைக்குத் தோல் உறை, காலுக்கு கம்பூட். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவது, போர்வை தரையைத் தொடாமல் பார்ப்பது, சுவர் வெடிப்பைப் பூசுவது, வாசலை ஒட்டிச் செங்கல்லோ விறகோ அடுக்காமல் இருப்பது எல்லாம் சின்ன வேலைகள்தான். நாட்டுக்கோழி நாலு சுற்றினால் அதுவும் நல்லது, தேளைக் கொத்தித் தின்னும்.

தேனீ கதைக்கு வருகிறேன். இதில்தான் கொட்டுவாயைப் பார்க்கிற பழக்கம் எங்களை ஏமாற்றப் பார்த்தது.

குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைத்துக் கெடா வெட்டு. ஆலமரத்தின் உச்சிக் கிளையில் மலைத்தேனீ அடை தொங்கிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும், வருஷா வருஷம் இருப்பதுதான். அன்றைக்கு விறகு ஈரமாக இருந்ததால் பொங்கல் அடுப்புப் புகை நேரே மேலே போனது. போதாக்குறைக்குப் பங்காளி வீட்டுப் பையன்கள் சரவெடி வேறு வைத்தார்கள். மழை இரைகிற மாதிரி ஒரு சத்தம் மேலிருந்து இறங்கி வந்தது. கையை வீசி விரட்டியவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள். ஒரு தேனீ கொட்டியதும் அந்த இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும். பழுத்த வாழைப்பழ வாசனைக்குக் காரணமான அதே ரசாயனந்தான். மற்றத் தேனீக்களுக்கு அது "இங்கே கொட்டு" என்கிற அழைப்பு. நின்று சண்டை போட்டால் கூட்டம் பெருகத்தான் செய்யும். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஓடி, கார், வீடு, ஏதாவது ஒன்றுக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். குளத்தில் குதிப்பது சினிமாவுக்குச் சரி, தலையைத் தூக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சரவெடி வைத்த பையன்களுக்குத் தலை முழுக்கக் கொட்டு, கண் திறக்க முடியாமல் முகம் உப்பிவிட்டது. எல்லோரும் அவர்களைச் சுற்றி உட்கார்ந்து கொடுக்குப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என் சின்ன மாமனாருக்குக் கழுத்தில் ஒன்றிரண்டு கொட்டுதான். அவர் தனியாக டெம்போவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். "கை அரிக்குது சாமி" என்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒறம்பரையாக வந்திருந்த என் நங்கையா, அண்ணன் சம்சாரம், நர்ஸ் வேலையில் இருப்பவர். அவர்தான் ஓடிப்போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வயிறெல்லாம் தட்டுத் தட்டாகத் தடித்திருந்தது. உதடு கனத்திருந்தது, குரல் கம்மியிருந்தது. வயிற்றைப் பிசைகிறது என்று சொல்லி வாந்தி எடுத்தார், அப்படியே சரிந்தார்.

"தண்ணி தெளிக்காதீங்க, தூக்கி நிறுத்தாதீங்க. படுக்க வெச்சுக் காலை மேல தூக்குங்க." நங்கையா போட்ட சத்தத்தில்தான் கூட்டம் திரும்பிப் பார்த்தது. 108 வந்ததும் தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சில நிமிஷங்களில் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. அப்படியும் அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். இந்த வகை ஒவ்வாமை அடங்கின மாதிரி அடங்கி, சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம். பிறகு விசாரித்தால், போன தடவை தேனீ கொட்டியபோதே உடம்பெல்லாம் தடித்திருக்கிறது. "அது பித்தம்னு நெனச்சேன்" என்றார்.

இப்படி ஒரு சங்கதி இருப்பதை மருத்துவ உலகம் புரிந்துகொண்டதே ஒரு கொட்டு விஷத்தால்தான். 1902-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் சார்ல் ரிஷேயும் பால் போர்த்தியேவும் கடல் சாமந்தி என்கிற கடல்வாழ் உயிரினத்தின் விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சமாகச் செலுத்தி, பழக்கிப் பார்க்க நினைத்தார்கள். முதல் தடவை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து மிகக் குறைந்த அளவு கொடுத்தபோது நிமிஷங்களில் விழுந்து செத்துப்போனது. ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, "எனக்கு எத்தனையோ தடவ கொட்டியிருக்கு, ஒண்ணும் பண்ணாது" என்கிற பேச்சு அடுத்த கொட்டுக்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். செந்தேள் கொட்டினவருக்கு அட்ரினலின் அளவுக்கு மீறி ஓடுவதுதான் நோய். தேனீ ஒவ்வாமையில் விழுந்தவருக்கு அதே அட்ரினலின்தான் மருந்து. அதனால் "ஏதோ கடிச்சிருச்சு, ஊசி போடுங்க" என்று போய் நிற்பதில் பிரயோஜனம் இல்லை. எது கொட்டியது, எப்போது கொட்டியது, அதற்கப்புறம் ஆளுக்கு என்னென்ன ஆனது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். முடிந்தால் செல்போனில் ஒரு படம் எடுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை, அப்படிப் பிடிக்கப் போய் இரண்டாவது கொட்டு வாங்கினவர்களும் உண்டு.

பையன்களுக்குக் கொடுக்குப் பிடுங்கினார்கள் என்றேன். தேனீயின் கொடுக்கில் பின்நோக்கிய முட்கள் இருப்பதால் அது நம் தோலிலேயே மாட்டிக்கொள்ளும். தேனீ பறக்கும்போது விஷப்பையும் சேர்ந்து பிய்ந்துவந்து கொடுக்கோடு நின்றுவிடும், தேனீ செத்துவிடும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் குட்டிப்பை தனியாகத் துடித்துத் துடித்து விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருப்பது தெரியும். கிள்ளி எடுக்கக் கூடாது, ஏடிஎம் கார்டால்தான் வழிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கார்டைத் தேடுகிற நேரத்தில் நகத்தால் எடுத்து எறியுங்கள்.

அப்புறம் மோதிரம், வளையல், மெட்டி. கையிலோ காலிலோ எது கொட்டினாலும் வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். வீங்கின விரலிலிருந்து மெட்டியை வெட்டி எடுக்க நேர்ந்த என் மாமியாரைக் கேட்டால் தெரியும். சுண்ணாம்பு தடவுவது பற்றிக் கேட்பீர்கள். தேனீ விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். விஷம் தோலுக்கு அடியில் போயாயிற்று, சுண்ணாம்பு மேலேயே நிற்கிறது. அதுபோக அந்த விஷத்தின் வேலை வெறும் புளிப்பால் நடப்பதும் இல்லை. ஐஸ் வையுங்கள். அரிப்புக்கு டாக்டர் சொல்லும் செட்ரிசின் போதும். மறுநாள் வீக்கம் கூடினாலும் பெரும்பாலும் சீழ் பிடித்ததாக இருக்காது, சில நாளில் வடிந்துவிடும்.

கதண்டு விஷயத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். பேப்பரில் விஷ வண்டு என்று போடுவது இந்தப் பெரிய குளவியைத்தான். தென்னங்குருத்திலும் பனை மட்டையிலும் கூடு கட்டும். இதன் கொடுக்கு வழவழப்பானது, தோலில் மாட்டாது. ஒன்றே திரும்பத் திரும்பக் கொட்டும். எங்களுக்குத் தேங்காய் போடும் அண்ணன் மரம் ஏறுவதற்கு முன் கீழேயே நின்று ஒரு பீடி பிடிக்கிற நேரம் உச்சியைப் பார்ப்பார். பூச்சி போய் வருகிற தடம் தெரிந்தால் அந்த மரத்தை விட்டுவிடுவார், நாமும் வற்புறுத்தக் கூடாது. கூட்டைக் கல்லால் அடிப்பதும் பகலில் பந்தம் பிடிப்பதும் வேண்டாத வேலை. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து அழிப்பார்கள்.

கதண்டோ தேனீயோ, நிறையக் கொட்டியிருந்தால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் விஷத்தின் அளவே ஆபத்து. தசையும் ரத்த அணுக்களும் சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். ஆள் எழுந்து நடப்பார், சாப்பிடுவார். மறுநாள் சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போகும், அல்லது குறையும். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு "சூடு" என்று இளநீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. நிறையக் கொட்டு வாங்கினவரை நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டி ரத்தம், சிறுநீர் சோதித்துவிடுவது நல்லது.

பூரான் பற்றி ஒரு வார்த்தை. அது வாலால் கொட்டுவதில்லை. தலைக்குக் கீழே இருக்கும் முதல் ஜோடிக் கால்கள்தான் விஷக் கொடுக்காக மாறியிருக்கின்றன. வலி பெரிது, பொதுவாக ஆபத்து சிறிது.

என் பிறந்த வீட்டுப் பக்கம் அணைத் தண்ணீர் மீன். கெளுத்தி, தேளி இரண்டுக்கும் செவுளுக்குப் பக்கத்துத் துடுப்பில் விஷ முள் உண்டு. தேளி குத்தினால் தோள்வரை கடுக்கும். மீன் ஆய்கிற பெண்களுக்கு இது தெரியும், கொதிக்கிற உலையைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். மீன் விஷத்துக்குச் சூடு ஆகாது, கெட்டுப்போகும். தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் கையை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைத்தால் வலி கண்ணுக்குத் தெரிய இறங்கும். சூடு எவ்வளவு என்பதைக் குத்து வாங்காத கையை விட்டுப் பாருங்கள். வலிக்கிற கைக்குச் சூடு உறைக்காமல் வெந்தே போகலாம். முள் உள்ளே ஒடிந்திருந்தால் எடுக்க வேண்டும், டிடி ஊசியும் போட வேண்டும்.

இனி மரமும் செடியும். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை வைத்திருப்பவர்களுக்குக் கம்பளிப்பூச்சியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் அடிமரத்தில் அப்பிக்கொண்டிருக்கும். பந்தம் கொளுத்திப் பொசுக்குவார்கள். அப்போது காற்றுக்கு எதிரில் நிற்கக் கூடாது, உதிர்ந்த முடி பறந்துவந்து ஒட்டும். ஒட்டினால் உடனே கை தேய்க்கப் போகும், தேய்த்தால் முடி ஒடிந்து உள்ளே இறங்கும். அகலமான செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்து எடுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் வீட்டு வைத்தியமே வேண்டாம். கசக்காமல் கண் டாக்டரிடம் போய்விட வேண்டும், அந்த முடி நாள்பட நாள்படக் கண்ணுக்குள் ஊர்ந்துகொண்டே போகக்கூடியது. பூனைக்காலிக் காயின் பொன்னிறச் சுணைக்கும் இதே டேப் வைத்தியந்தான்.

செந்தட்டி வேலியில் கொடியாக ஏறிக் கிடக்கும். இலை பார்க்கச் சாதுவாக இருக்கும். அதன் ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஊசி மாதிரி ஒரு கால்சியம் ஆக்சலேட் படிகம் உட்கார்ந்திருக்கிறது. பட்டதும் அது தோலைக் குத்த, உள்ளிருக்கும் சாறு இறங்குகிறது. ஆடு மேய்க்கப் போய்த் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்தவர்களுடைய அவஸ்தையை ஊர் ரொம்ப நாள் பேசும். தொடாமல், தேய்க்காமல் கொஞ்ச நேரம் விட்டு, டேப்பால் ஒற்றி எடுத்து, குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். வேலி வெட்டுகிற நாளில் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக அலச வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மட்டும் செந்தட்டியை வெட்டவே விடமாட்டார். வேலியோரம் அவருக்கு ஒரு மாமரம் இருக்கிறது. "ராத்திரிக்குக் காவலுக்கு ஆள் போட்டா சம்பளம் கேப்பானுங்க, அது கேக்குதுங்களா?" என்கிறார். எங்கள் வீட்டுப் பையன்கள் அந்த மரத்துப் பக்கம் போவதில்லை என்பது உண்மைதான்.